உறைபனியைக் கடுகுப் பயிர் எதிர்கொள்ளும் விதம்

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவதை நம் மக்கள் அறிவர். உதகையின் பள்ளத்தாக்குகளில் காலையில் புல்வெளி வெள்ளைத் துணி விரித்தாற்போல் காணப்படும். விவசாயிகள் கூட்டம் ஒன்றிற்கு மலையிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். "உறைபனி விழுந்தால் உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் கருகிவிடுகிறது. பக்கத்துப் பாத்தியிலுள்ள முட்டைக்கோசுக்கு ஒன்றும் நேர்வதில்லை. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே எரு. இது ஏன், ஐயா?" என்று கேட்டார். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் நூல்களைப் படித்தும், வேளாண்மை நிபுணர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முட்டைக்கோசு கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் கானடாவிலும் எண்ணெய்க்காகப் பெருவாரியாகப் பயிரிடப்படும் 'ரேப்' என்னும் கடுகினம், முட்டைக்கோசு இனமும் டர்னிப் இனமும் கலந்து பிறந்ததாகும். கடைகளில் 'கனோலா' என்று விற்கப்படுவது இதன் மேம்பட்ட இரகங்களின் எண்ணெயே. முட்டைக்கோசின் 18 குரோமோசோம்களும் டர்னிப்பின் 20 குரோமோசோம்களும் சேர்ந்து ரேப் செடியில் 38 ஆக அமைந்துள்ளன. நாம் தாளிதத்திற்குப் பயன்படுத்தும் கடுகோ டர்னிப் இனமும் கருங்கடுகும் கலந்தது. அதற்கு 36 குரோமோசோம்கள். இவ்வுறவு முறைகளை 1935ஆம் ஆண்டில் நாகஹாரு ஊ என்னும் விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். ஆகவே முட்டைக்கோசு பனியைத் தாங்குவதன் காரணத்தை அறிவோமாயின், எண்ணெய் தரும் கடுகினங்களின் காரணத்தையும் அறிந்தவராவோம்.

இதனால் நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் அஞ்சறைப் பெட்டியிலுள்ள கடுகில் பெரும்பகுதி நம் வயல்களில் விளைந்ததன்று. இராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வருவது. நம் தேசமோ தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட அளவை இன்றும் இறக்குமதி செய்துவருகிறது. வடக்கே கடுகு காய் முற்றும் தறுவாயில் ஓர் இரவு உறைபனி விழுந்தால், அது அந்த விவசாயிக்கு மட்டும் நேர்ந்த நஷ்டமாக நின்றுவிடுவதில்லை.

முதலில், உறைபனி செடியை எவ்வாறு கொல்லுகிறது என்பதைக் காண்போம். செடியினுள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, உயிரணுக்களைக் கிழித்துவிடுகிறது என்றே பலரும் கருதுகிறோம். உண்மை சற்று வேறானது. பனிக்கட்டி முதலில் தோன்றுவது உயிரணுவுக்குள் அன்று; உயிரணுக்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளில்தான். அங்குள்ள நீரில் உப்புகளும் சர்க்கரையும் குறைவாதலால் அது முதலில் உறைந்துவிடுகிறது. உறைந்த கட்டி, அருகிலுள்ள உயிரணுக்களிலிருந்து நீரைத் தன்பால் இழுக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரி குளிரில், உயிரணுவிலிருந்து வெளியேறக்கூடிய நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியே சென்றுவிடுகிறது. அதாவது, பனியால் சாகும் செடி பெரும்பாலும் வறட்சியால் சாகும் செடியேயாகும். நீரை இழந்து சுருங்கும் உயிரணுவின் மேற்சவ்வு சிதைகிறது. காலையில் வெயில் ஏறிக் கட்டி உருகும்போது, சிதைந்த சவ்வால் நீரைத் தாங்கி நிற்க முடியாமல் இலை துவண்டு கருகுகிறது. கடும் வறட்சியில் பயிர் வாடுவதைக் கண்ட நம் மானாவாரி விவசாயிக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

முட்டைக்கோசுக்கும் உருளைக்கிழங்குக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. முட்டைக்கோசும் எந்நேரமும் பனியைத் தாங்கும் வலிமையுடன் நிற்பதில்லை. வெதுவெதுப்பான அறையில் வளர்ந்த கடுகினச் செடியை எடுத்துத் திடீரென்று உறைகுளிரில் வைத்தால் அதுவும் மடிந்துவிடும். ஆனால், உறையாத அளவிலான மென்குளிரில், அதாவது 4 டிகிரி வெப்ப அளவில், சில நாட்கள் அதனை வைத்திருந்து, பின்னர் உறைகுளிரில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த 'அரபிடாப்சிஸ்' என்ற சிறு களைச்செடியில் இதனைத் துல்லியமாக அளந்திருக்கின்றனர். பழக்கப்படாத செடி பூஜ்யத்துக்குக் கீழ் 5 டிகிரி அளவிலேயே மடிகிறது; மென்குளிரில் பழகிய செடி பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரியையும் தாண்டி உயிர் வாழ்கிறது. ஐரோப்பாவில் ஆவணி, புரட்டாசியில் விதைக்கப்படும் குளிர்கால ரேப், இலையுதிர் காலத்தின் மென்குளிரில் நன்கு பழகிவிட்டால், பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரி குளிரையும் தாங்கிநின்று, வசந்தத்தில் பூத்து, ஆடி வாக்கில் அறுவடைக்கு வருகிறது. நாம் பயிரிடும் உருளைக்கிழங்குக்கு இவ்வாறு பழகிக்கொள்ளும் திறன் இல்லை.

பழகும் நாட்களில் செடிக்குள் நிகழ்வது என்ன? உயிரணுவில் சர்க்கரைகளும் புரோலின் என்னும் பொருளும் சேருகின்றன. பாகு எளிதில் உறைவதில்லை, நீரையும் எளிதில் விடுவதில்லை என்பதை வெல்லம் காய்ச்சுவோர் அறிவர். உயிரணுவும் அந்நிலையை நோக்கிச் செல்கிறது. சவ்வுகளைக் காக்கும் தனிவகைப் புரதங்கள் உண்டாகின்றன. மேலும், சவ்வே தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. இது எண்ணெய் சம்பந்தப்பட்டதாதலால் சற்று விரித்துக் கூறுவேன்.

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டியில் கட்டியாக நிற்கிறது. அதன் அருகிலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மிகுதி. நல்லெண்ணெயில் நிறைவுறாத கொழுப்பமிலங்கள் மிகுதி. இந்த வேற்றுமையே காரணம். ஒவ்வோர் உயிரணுவின் சவ்வும் இத்தகைய கொழுப்பமிலங்களால் ஆனதே. குளிர் தொடங்கியதும் செடி தன் சவ்விலுள்ள கொழுப்பமிலங்களில் நிறைவுறாதவற்றின் பங்கைக் கூட்டுகிறது. அதனால் சவ்வு தேங்காயெண்ணெயைப்போல் விறைத்துப்போகாமல், நெகிழ்ச்சி குன்றாமல் இருக்கிறது. இவ்வேலையைச் செய்யும் நொதிகளுக்கான மரபணுக்களில் சில, குளிர்பட்டால் மிகுதியாக வேலைசெய்பவை. வித்திலுள்ள எண்ணெயிலும் இதன் சாயலைக் காணலாம். குளிர்ந்த பருவத்தில் முற்றும் சூரியகாந்தி விதையில் லினோலிக் அமிலம் கூடுதலாகவும், வெப்பமான பருவத்தில் முற்றுவதில் குறைவாகவும் இருக்கின்றது.

இனி மரபணுவுக்கு வருவோம். மரபணு என்ற சொல்லைக் கேட்டவுடன், மரபணு மாற்றிய பயிரைப் பற்றிய பேச்சு என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. நம் பாட்டனார் காலத்து நாட்டு விதையிலும் மரபணுக்கள் உண்டு. அவை ஒவ்வோர் உயிரணுவிலும் வைக்கப்பட்டிருக்கும் செய்முறைக் குறிப்புகள். எந்தப் புரதத்தை எவ்வாறு கட்டுவது என்பதைச் சொல்பவை. ரேப் செடியின் மரபணுத் தொகுதி முழுவதும் 2014ஆம் ஆண்டில் படித்தறியப்பட்டது. அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் மரபணுக்கள் உள்ளன. அத்தனையும் எந்நேரமும் திறந்திருப்பதில்லை. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடிவைக்கப்படுகின்றன. குளிருக்கென்றே திறக்கப்படும் குறிப்புகள் சில உண்டு. அவற்றைத் திறக்க ஆணையிடுவது யார் என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாமஷோ என்பாரும் அவருடைய குழுவினரும் 1997ஆம் ஆண்டில் அந்த ஆணையாளரைக் கண்டறிந்தனர். அதற்கு 'சி.பி.எஃப்.' என்று பெயர். அதுவும் ஒரு மரபணுவே. ஆனால் அது உண்டாக்கும் புரதம் சவ்வைக் காப்பதில்லை; சர்க்கரையைச் சேர்ப்பதில்லை. பிற மரபணுக்களின் வாயிலில் எழுதப்பட்டிருக்கும் ஒரு குறியைக் கண்டு, அங்கே அமர்ந்து, அவற்றைத் திறந்துவிடுவதே அதன் வேலை. அந்தக் குறி எந்தெந்த மரபணுவின் வாயிலில் உள்ளதோ, அவையெல்லாம் ஒருங்கே வேலைசெய்யத் தொடங்குகின்றன. மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் ஒன்றியத்திலுள்ள எல்லாப் பஞ்சாயத்துகளும் ஒரே நேரத்தில் வேலை தொடங்குவதற்கு இதனை ஒப்பிடலாம். வேகத்தில் மட்டும் ஒப்பிட இயலாது. செடியைக் குளிரில் வைத்த 15 நிமிடங்களுக்குள் சி.பி.எஃப். மரபணு விழித்துக்கொள்கிறது; சுமார் 2 மணி நேரத்தில் அதன் கீழுள்ள மரபணுக்கள் இயங்குகின்றன. எங்கள் அலுவலகத்தில் தபால் பதிவேட்டில் ஏறுவதற்கே அதற்கு மேல் ஆகும்.

சி.பி.எஃப்.-ஐ எழுப்புவது எது? இதைத் தேடிய ஆராய்ச்சியில் நம் நாட்டவர் ஒருவரும் முன்னின்றிருக்கிறார். பிற்காலத்தில் புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய விஸ்வநாதன் சின்னுசாமி, அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜியான்-காங் ஜு என்பவரின் குழுவில் இருந்தபோது, 2003ஆம் ஆண்டில் 'ஐஸ்-1' என்னும் மரபணுவை வெளியிட்டார். அவர்கள் கையாண்ட முறை வியப்புக்குரியது. மின்மினிப் பூச்சி ஒளிவிடக் காரணமான மரபணுவைச் சி.பி.எஃப்.-இன் வாயிலோடு இணைத்துச் செடியில் வைத்தனர். குளிர்பட்டால் அச்செடி மெல்லிய ஒளி வீசும். மரபணுவில் பழுது உண்டாக்கிய பல்லாயிரம் நாற்றுகளைக் குளிரில் வைத்து, எது ஒளிவிட மறுக்கிறதோ அதனைப் பிரித்தெடுத்தனர். அச்செடியில் பழுதுபட்டிருந்த மரபணுவே ஐஸ்-1. இது சி.பி.எஃப்.-ஐ நேரே எழுப்புகிறதா என்பதை 2020ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஐயுற்றனர். அந்த விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. குளிரைச் செடி முதன்முதல் உணர்வதில் சவ்வு விறைப்பதும், உடனே கால்சியம் உயிரணுவுக்குள் பாய்வதும் பங்குகொள்கின்றன. பகற்பொழுது குறுகுவதும் செடிக்கு ஓர் எச்சரிக்கையாக அமைகிறது.

களைச்செடியில் கண்டது எண்ணெய் வித்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு 2001ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. ரேப் செடியிலும் இதே ஆணையாளர்கள் இருப்பதும், அவற்றின் கீழ் இதே வகை மரபணுக்கள் இயங்குவதும் தெரியவந்தன. களைச்செடியின் சி.பி.எஃப்.-ஐ ரேப்பில் புகுத்தி எந்நேரமும் இயங்கச் செய்தபோது, மென்குளிரில் பழகாமலேயே அந்த ரேப் கூடுதல் பனியைத் தாங்கியது. அதே ஆராய்ச்சியில் தக்காளியிலும் இத்தகைய மரபணு இருப்பது கண்டறியப்பட்டது. தக்காளி பனியைத் தாங்காத செடியாயிற்றே என்று கேட்கலாம். ஆணை பிறப்பிப்பவர் அங்கும் இருக்கிறார். ஆனால் அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டு இயங்கும் மரபணுக்கள் தக்காளியில் மிகச் சிலவே. சுற்றறிக்கை வந்தும் வேலைக்கு ஆளில்லாத கிராமத்தின் நிலை அது.

அப்படியானால் எல்லாக் கடுகிலும் இம்மரபணுவை எந்நேரமும் திறந்தே வைத்துவிடலாமே என்று தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் அப்படித் தோன்றியது. செய்து பார்த்தபோது செடி குட்டையாயிற்று, பூப்பது பிந்தியது. வளர்ச்சிக்குத் தேவையான ஜிப்பெரலின் என்னும் ஊக்கி அத்தகைய செடிகளில் குறைந்துவிடுகிறது. பனியைத் தாங்கி நின்றும் விளைச்சல் தராத பயிரால் விவசாயிக்கு என்ன லாபம்? ஜப்பானில் 1999ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டனர். எந்நேரமும் திறந்திருக்கும் வாயிலுக்குப் பதிலாக, குளிரோ வறட்சியோ வந்தால் மட்டுமே திறக்கும் வாயிலை இணைத்தபோது, செடி ஏறக்குறைய வழக்கம்போல் வளர்ந்தது, பனியையும் தாங்கியது.

இயற்கையே இந்தச் செலவுக் கணக்கைப் போட்டிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்வீடன் தேசத்தில் வளரும் அரபிடாப்சிஸ் செடியையும் இத்தாலியில் வளரும் அதே இனச் செடியையும் ஒப்பிட்டு, 2015ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். இத்தாலியச் செடியில் சி.பி.எஃப். வகை மரபணுக்களுள் ஒன்று பழுதுபட்டு வேலைசெய்யாமல் கிடந்தது; ஸ்வீடன் செடியில் அது செம்மையாக இருந்தது. கடும்பனி இல்லாத நாட்டில் அந்தக் காவல் தேவைப்படவில்லை.

மென்குளிரில் பெற்ற பயிற்சி நிலையானதன்று என்பதையும் கூறவேண்டும். நடுக்குளிர்காலத்தில் சில நாட்கள் வெயில் காய்ந்து வெப்பம் ஏறினால், பல வாரங்களில் பெற்ற திறனைச் செடி சில நாட்களிலேயே இழந்துவிடுகிறது. அதன்பின் மீண்டும் உறைபனி வந்தால் பயிர் மடியும். குளிர்கால ரேப் பூப்பதற்கே நீண்ட குளிர் வேண்டும். பூப்பைத் தடுத்துநிற்கும் ஒரு மரபணுவை அக்குளிர் மூடிவிடுகிறது. அத்தடை நீங்கியபின், இழந்த பனித்தாங்கும் திறனை மீண்டும் பெறுவது செடிக்குக் கடினமாகிறது. உலகின் வெப்பநிலை உயர்ந்துவருவதால் குளிர்காலம் மிதமாகும். ஆகவே பனிச்சேதம் குறையும் என்று கருதுவது முழுவதும் சரியன்று. இலையுதிர் காலம் வெதுவெதுப்பாக இருந்தால் பயிருக்குப் பயிற்சி குறைகிறது. இடையில் வரும் வெப்பம் பெற்ற பயிற்சியையும் கெடுக்கிறது.

இனி, நம் நாட்டு நிலைமை. இராஜஸ்தானத்தில் கடுகு ஐப்பசியில் விதைக்கப்பட்டு, மார்கழியில் பூத்து, தை, மாசியில் காய் முற்றுகிறது. சூரு, சீகர் மாவட்டங்களில் அந்நாட்களில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழ் இறங்குவதுண்டு. மேகமற்ற வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் மண்ணின் வெப்பம் மேலே சென்றுவிட, உறைபனி படிகிறது. அதனை அம்மக்கள் 'பாலா' என்பர். நம் கடுகு குளிர்கால ரேப்பைப் போன்றதன்று. நீண்ட குளிரைக் காத்திராமல் வளர்ந்து பூத்துவிடும் வகை. இலைப்பருவத்தில் இருக்கும் செடிக்கே மேலே கூறிய பழக்கம் நன்கு கைகூடும். பூவுக்கும் இளங்காய்க்கும் அது மிகக் குறைவு. ஆதலால் பனி விழுந்த இரவுக்குப் பின் செடி பசுமையாகவே நிற்க, காயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளேயுள்ள பிஞ்சு விதை நீர்கோத்துச் சுருங்கியிருக்கும். வயலோரத்தில் நின்று பார்ப்பவருக்குச் சேதம் தெரியாது. சேத மதிப்பீட்டுக்குச் செல்லும் அதிகாரிகள் வரப்பிலிருந்து திரும்பிவிடாமல் காயைப் பிளந்து பார்த்தல் அவசியம் என்பது என் கருத்து.

உறைபனி வரும் என்று தெரிந்த மாலையில் வயலுக்கு இலேசாக நீர் பாய்ச்சுவது அங்கே நெடுங்கால வழக்கம். ஈரமண் பகலில் பெற்ற வெப்பத்தை மிகுதியாகச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல வெளிவிடும். நீர் உறையும்போதும் வெப்பம் வெளிப்படும். வயலோரத்தில் குப்பையைக் கொளுத்திப் புகை மூட்டுவதும் உண்டு. புகையால் கிடைக்கும் பயன் சிறிதே. நீர் வசதியுள்ளவர் நீரையே நம்புவது மேல். பரத்பூரில் 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கடுகு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நல்ல இரகங்களைத் தேடிவருகின்றனர். இலையைக் காக்கும் மரபணுக்கள் பற்றி இத்தனை அறிந்திருந்தும், காயினுள் இருக்கும் விதையைக் காப்பது எப்படி என்பதே இன்னும் தீராத பிரச்சினை. ஆகவே, பனிமிகும் நாட்களில் பயிர் இளங்காய்ப் பருவத்தில் இராதவாறு விதைப்பு நாளையும் இரகத்தின் வயதையும் பொருத்திக்கொள்வதே இன்று விவசாயியின் கைக்கு எட்டும் வழி.

நம் மாநிலத்து எண்ணெய் வித்துக்களான நிலக்கடலையும் எள்ளும் வெப்ப நாட்டுப் பயிர்கள். கடுகைப்போல் குளிரில் பழகி உறைபனியைத் தாங்கும் திறன் அவற்றுக்கு இல்லை. சமவெளியில் உறைபனி விழுவதில்லையாதலால் நமக்கு அக்கவலையும் இல்லை. எனினும் உறையாத குளிரே நிலக்கடலைக்குத் தொல்லைதான். மண்ணின் வெப்பம் 18 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் முளைப்பு தாமதமாகிறது. மார்கழிப் பட்டத்தில் இறவைக் கடலை விதைக்கும் உள்மாவட்ட விவசாயிகள், குளிர் மிகுந்த ஆண்டுகளில் முளை சில நாட்கள் பிந்தி வருவதைக் கண்டிருப்பர். விதை கெட்டது என்று எண்ணி அவசரப்பட்டு மறுவிதைப்பில் இறங்க வேண்டாம்; இரண்டொரு இடத்தில் மண்ணைக் கிளறி விதையை எடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம். முளைக்காமல் மண்ணில் கிடக்கும் நாட்களில் விதையைப் பூசணம் தாக்குவது அதிகம். ஆகையால் மார்கழி விதைப்புக்குக் கிலோவுக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்வதைக் கட்டாயமாகக் கொள்ளவேண்டும். அது வேளாண்மை விரிவாக்க மையங்களில் கிடைக்கிறதா என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கார்த்திகையிலேயே கேட்டறிந்து, தம் ஊர் விவசாயிகளுக்குத் தெரிவிக்கலாம்.